சிபாரிசு, போஸ்டிங், பதவி உயர்வு: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் யாருக்காவது மனு எழுதிக் கொடுக்க உட்கார்ந்தால், பேச்சு குடிநீர், பட்டா, சாலை என்று தொடங்கி கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும்: "அவருக்கு மேலிடத்துல ஆள் இருக்கு, நமக்கு யார் இருக்கா?" காவல் துறையிலும் மாநகராட்சியிலும் வேலை பார்ப்பவர்களின் குடும்பத்தாரும் இதையே கேட்கிறார்கள். அவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். சட்டம் எது, என் கருத்து எது என்பது படிக்கும்போதே தெரியும்.

ஆளைப் பிடிச்சா போலீஸ்ல பிரமோஷன் சீக்கிரம் கிடைக்குமா?

கீழ்நிலையில் கிடைக்காது. அங்கே பதவி உயர்வு என்பது பெரும்பாலும் காலக் கணக்கு. இரண்டாம் நிலைக் காவலர் 10 ஆண்டில் முதல் நிலைக் காவலர், அதிலிருந்து 5 ஆண்டில் தலைமைக் காவலர், இன்னும் 10 ஆண்டில் சிறப்பு உதவி ஆய்வாளர். மொத்தம் 25 ஆண்டு என்பது நெடுங்காலமாக இருந்துவந்த கணக்கு. அதைக் குறைக்கச் சொல்லித்தான் காவலர் குடும்பங்கள் கோரிக்கை வைத்து வந்தன. சீக்கிரம் எஸ்.ஐ. ஆக வேண்டுமென்றால் சீருடைப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வில் துறையினருக்கென்று 20 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, எழுதலாம்.

எஸ்.ஐ.யிலிருந்து மேலே போகப் போகத்தான் பேனல் (பதவி உயர்வுக்கு உரியவர்களின் பட்டியல்), சீனியாரிட்டி, பணிப்பதிவேடு எல்லாம் வருகின்றன. அங்கேயும் பட்டியலைத் திறந்து ஒருவர் பெயரை அடித்துவிட்டு இன்னொருவர் பெயரை எழுதுவது அவ்வளவு சுலபமில்லை. அடிபட்டவர் மறுநாளே கோர்ட்டுக்குப் போய்விடுவார்.

அப்படின்னா சிபாரிசு எங்கேதான் வேலை செய்யுது?

பட்டியல் போடுவதற்கு ரொம்ப முன்னாலேயே அது வேலையை முடித்துவிடுகிறது. ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு எஸ்.ஐ. டூட்டி பார்க்கிறார். பள்ளிக்கூட வாசலை மறித்து நிற்கும் கன்டெய்னர் டிரெய்லர்கள் மீது வழக்குப் போடுகிறார். வண்டி முதலாளிக்குக் கட்சியின் பகுதிச் செயலாளரைத் தெரியும். அன்று ராத்திரியே இன்ஸ்பெக்டருக்குப் போன் வருகிறது: "தம்பி புதுசு போல இருக்கு, கொஞ்சம் சொல்லி வைங்க." இதில் எதுவும் எழுத்தில் இல்லை.

எஸ்.ஐ. கேட்கவில்லை. பத்து நாளில் "நிர்வாக நலன் கருதி" என்ற ஒற்றை வரியோடு மாற்றல் ஆணை வருகிறது. கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்பலாம், காத்திருப்போர் பட்டியலில் வைக்கலாம். சம்பளம் அதேதான், பதவியும் அதேதான். காகிதத்தில் பார்த்தால் இது தண்டனையே இல்லை. போகிற போக்கில், ரோந்து நோட்டில் கையெழுத்து விட்டுப்போனது என்று விளக்கம் கேட்டு ஒரு மெமோவும் கையில் கொடுக்கப்படுகிறது. இரண்டு வருடம் கழித்து இன்ஸ்பெக்டர் பேனல் தயாராகும்போது அந்த மெமோ இன்னும் முடியாமல் கிடக்கிறது. அவர் பெயர் தள்ளிவைக்கப்படுகிறது. அவருக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர் முன்னால் போகிறார்.

இந்தக் கதையில் பதவி உயர்வுப் பட்டியலை யாரும் தொடவில்லை. பகுதிச் செயலாளர் போன் செய்ததற்குச் சாட்சி கிடையாது. பேனல் போட்ட அதிகாரியும் விதிப்படிதான் போட்டார். ஆனாலும் ஒரு நேர்மையான மனிதர் பின்தங்கிவிட்டார், அவரைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஸ்டேஷனின் மற்ற எல்லாரும் பாடம் படித்துவிட்டார்கள். எனக்கு ஆத்திரமூட்டுவது இந்த இரண்டாவது விஷயம்தான்.

மெமோ நிலுவையில் இருந்தால் பதவி உயர்வை எத்தனை காலம் வேண்டுமானாலும் நிறுத்தலாமா?

முடியாது. எஸ்.ஐ., ஏட்டு போன்றவர்கள் மீதான நடவடிக்கை 1955-ம் ஆண்டின் தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளின்படி நடக்கும். அதில் 3(ஏ) சிறு தண்டனைக்கு, 3(பி) பெரிய தண்டனைக்கு. ஸ்டேஷனில் "த்ரீ பி" என்றாலே முகம் மாறுவதற்குக் காரணம் இதுதான்.

உச்ச நீதிமன்றம் 1991-ல் ஜானகிராமன் வழக்கில் ஒன்றைத் தெளிவாகச் சொன்னது: பூர்வாங்க விசாரணை நடக்கிறது, புகார் வந்திருக்கிறது என்பதற்காகப் பதவி உயர்வை நிறுத்தக் கூடாது, குற்றச்சாட்டுக் குறிப்பாணை வழங்கப்பட்டிருந்தாலோ, குற்ற வழக்கில் குற்றப்பத்திரிகை தாக்கலாகியிருந்தாலோதான் தள்ளிவைக்க முடியும். 2015-ல் பிரேம்நாத் பாலி வழக்கில், துறை விசாரணையை முடிந்தவரை 6 மாதத்தில் முடிக்க வேண்டும், தவிர்க்க முடியாவிட்டாலும் ஓராண்டைத் தாண்டக் கூடாது என்றது.

ஆகவே மெமோ வாங்கியவர் செய்ய வேண்டியது, விளக்கத்தைக் குறித்த தேதிக்குள் கொடுத்து ஒப்புகை வாங்குவது. பிறகு விசாரணையை முடிக்கச் சொல்லி எழுத்தில் நினைவூட்டிக்கொண்டே இருப்பது. "ஐயாவைப் பார்த்துச் சொல்லியிருக்கேன், முடிச்சிடுவாங்க" என்று காத்திருந்தவர்கள்தான் அதிகம் இழந்திருக்கிறார்கள். தமிழ்நாடு நிர்வாகத் தீர்ப்பாயம் 2006-ல் கலைக்கப்பட்ட பிறகு பணி தொடர்பான ரிட் மனுக்கள் நேரே உயர் நீதிமன்றத்துக்குத்தான் போகின்றன. அங்கே முதலில் பார்ப்பது இந்தக் காகிதங்களை.

எம்.எல்.ஏ. சொன்னால் இன்ஸ்பெக்டரை மாற்றியே ஆகணுமா?

இல்லை. எம்.எல்.ஏ.வுக்கோ கவுன்சிலருக்கோ வட்டச் செயலாளருக்கோ அப்படி ஓர் அதிகாரத்தை எந்தச் சட்டமும் கொடுக்கவில்லை.

2006 செப்டம்பர் 22-ல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இதற்காகவே வந்தது என்று சொல்லலாம். ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியிலிருந்து எஸ்.பி., ஐ.ஜி. வரை களப்பணியில் இருப்பவர்களுக்குக் குறைந்தது 2 ஆண்டு பதவிக்காலம், டி.எஸ்.பி.யும் அதற்குக் கீழும் உள்ளவர்களின் மாற்றல், போஸ்டிங், பதவி உயர்வு எல்லாவற்றையும் காவல் துறை உயர் அதிகாரிகள் கொண்ட ஒரு வாரியம் முடிவு செய்ய வேண்டும். அரசு அதில் தலையிடுவதானால் அபூர்வமாக, காரணத்தை எழுதிவைத்துத் தலையிட வேண்டும். போலீஸ் மீதான புகார்களை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் தனி ஆணையம் வேண்டும் என்றும் சொன்னது.

தமிழ்நாடு 2013-ல் காவல் துறை சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. ஆனால் மாநிலப் புகார் ஆணையத்துக்கு நீதிபதிக்குப் பதிலாக உள்துறைச் செயலாளரையே தலைவராக வைத்தது. மாற்றல் ஆணை போடும் துறையின் செயலாளரே அந்தத் துறை மீதான புகாரைக் கேட்பார் என்றால் ஒரு காவலரோ பொதுமக்களோ எந்த நம்பிக்கையில் அங்கே போவார்கள்? இதை எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் கேட்க வேண்டும்.

கேரளத்தில் நடந்ததையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே 2016-ல் ஆட்சி மாறியதும் டி.ஜி.பி. சென்குமார் மாற்றப்பட்டார். அவர் வழக்குப் போட்டார். 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவரை மறுபடி அதே நாற்காலியில் உட்கார வைத்தது. டி.ஜி.பி.யால் டெல்லி வரை போக முடிந்தது, ஏட்டால் முடியாது என்பீர்கள். உண்மைதான். ஆனால் தண்டனையாகப் போடப்படும் மாற்றல் செல்லாது என்று 2009-ல் சோமேஷ் திவாரி வழக்கில் வந்த தீர்ப்பு ஏட்டுக்கும் பொருந்தும்.

"வாயால சொன்னாங்க, செஞ்சேன்" என்று அதிகாரி சொன்னால்?

அது அவரைக் காப்பாற்றாது. 2013 அக்டோபர் 31-ல் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் வழக்கில், அமைச்சரோ அரசியல்வாதியோ மேலதிகாரியோ வாய்மொழியாக இடும் உத்தரவை வைத்து அதிகாரிகள் செயல்படக் கூடாது, அதை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. "இன்று இத்தனை மணிக்குத் தொலைபேசியில் தாங்கள் கூறியபடி" என்று ஒரு வரி கோப்பில் ஏறினால் போதும், பாதி போன்கள் நின்றுவிடும் என்பது என் நம்பிக்கை. அந்த வரியை எழுதும் தைரியத்தைத்தான் மேலே சொன்ன போஸ்டிங் பயம் விழுங்கிவிடுகிறது.

போலீஸ்காரங்க இதையெல்லாம் ஏன் வெளியே சொல்ல மாட்டேங்கிறாங்க?

சங்கம் இல்லை. 1918 ஏப்ரலில் பெரம்பூர் மில் தொழிலாளர்கள் சென்னை தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கிய மண் இது. இந்தியாவிலேயே முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். துறைமுகம், ரயில்வே, மாநகராட்சி என்று இங்கே எந்த வேலைக்காரருக்கும் ஒரு கொடி இருக்கிறது. அதே தெருவில் குடியிருக்கும் காவலருக்கு மட்டும் கிடையாது. காவல் படைகள் உரிமைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1966 அனுமதியில்லாமல் சங்கம் சேர்வதையும் பத்திரிகையிடம் பேசுவதையும் தடுக்கிறது. ஆயுதம் ஏந்திய படைக்கு வேலைநிறுத்த உரிமை வேண்டாம் என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் மாற்றல் குறித்துக் கூட்டாக ஒரு கோரிக்கை வைக்கவும் வழியில்லை என்றால், தனி ஆளாக அவர் போய் நிற்கும் இடம் கட்சி அலுவலகமாகத்தான் இருக்கும். சிபாரிசை வளர்ப்பதே இந்த ஏற்பாடுதான்.

மாநகராட்சியில் எப்படி? கவுன்சிலர் நினைச்சா வேலை வாங்கித் தர முடியுமா?

நிரந்தர வேலை முடியாது. ஆணையர் அரசு நியமிக்கும் ஐ.ஏ.எஸ். அதிகாரி. ஊழியர் நியமனம், மாற்றல், ஒழுங்கு நடவடிக்கை எல்லாம் நிர்வாகத்தின் கையில். ஏ.இ.யை (உதவிப் பொறியாளரை) மாற்றும் ஆணையில் கவுன்சிலர் கையெழுத்து எங்கேயும் வராது. கவுன்சிலருக்கு 2023 ஜூலையிலிருந்து மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியம், மேயருக்கு 30,000. முழு நேரம் அலைபவருக்கு 10,000 ரூபாய் என்றால் மீதி எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியைத் தெருவில் எல்லாரும் கேட்கிறார்கள், கேட்க வேண்டியதுதான்.

தற்காலிக வேலை, ஒப்பந்த வேலை வேறு விஷயம். அங்கே தேர்வு கிடையாது, தரவரிசை கிடையாது, பலகையில் ஒட்டும் பட்டியலும் அநேகமாகக் கிடையாது. அங்கேதான் கவுன்சிலரின் லெட்டர்பேடு வருகிறது. அதன் வாசகம் எல்லாருக்கும் மனப்பாடம்: "இக்கடிதம் கொண்டுவரும் திருமதி ... அவர்கள் நமது வட்டத்தைச் சேர்ந்தவர், மிகவும் ஏழ்மையான குடும்பம், ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்." கீழே பச்சை மையில் கையெழுத்து. அதில் எழுதியிருப்பது பொய்யில்லை, அந்தப் பெண் உண்மையிலேயே ஏழை. ஆனால் அதே தெருவில் அவளைவிட ஏழையான, வட்டச் செயலாளர் வீட்டுக்குப் போக வழியில்லாத இன்னொருத்தியின் பெயர் எந்தக் கடிதத்திலும் இல்லை.

இது புதிதில்லை. சென்னை மாநகராட்சியின் மன்றமே 1973-ல் கலைக்கப்பட்டது மஸ்டர் ரோல் ஊழலால்தான். மஸ்டர் என்பது தினக்கூலி ஆட்களின் வருகைப் பதிவேடு. வேலைக்கே வராத ஆட்களின் பெயரை எழுதிக் கூலி எடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. ஐம்பது வருடம் ஆகியும், ஒப்பந்த வேலையில் யார் பெயர் பட்டியலில் இருக்கிறது, யார் துடைப்பம் பிடிக்கிறார் என்பதைத் தெருக்காரர்கள் பார்த்துச் சரிசெய்ய ஒரு பொதுப் பட்டியல் வாசலில் ஒட்டப்படுவதில்லை. வார்டு அலுவலகத்தில் அந்தப் பட்டியலை ஒட்டச் செய்தாலே நிறைய மாறும்.

பேசாமல் கவுன்சிலரே இல்லாமல் அதிகாரிகளே பார்த்துக்கொண்டால்?

பார்த்தாகிவிட்டது. 1973-ல் கலைத்த மன்றத்துக்கு 1996-ல்தான் மறுபடி தேர்தல் நடந்தது. 23 வருடம். பிறகு 2016 அக்டோபரில் காலம் முடிந்ததும், 5 ஆண்டுக்குள் தேர்தல் நடத்தியாக வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 243-யூ பிரிவு சொல்லியும், 2022 பிப்ரவரி 19-ல் தேர்தல் நடக்கும் வரை அரசு நியமித்த தனி அலுவலர்தான் ஆண்டார். அந்தக் காலங்களில் சிபாரிசு நின்றுவிட்டதா? எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் கூட்டம் கூடியது, அவ்வளவுதான். கவுன்சிலர் என்றால் அடுத்த தேர்தலில் கேட்கலாம். தனி அலுவலரை யார் கேட்பது?

பெண் கவுன்சிலர், ஆனால் வேலை பார்ப்பது வீட்டுக்காரர். இது சரியா?

சரியில்லை. உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீதம் என்று 2016-ல் சட்டம் திருத்தியது வீட்டுக்காரர்களுக்காக இல்லை. ஆய்வுக்கு வீட்டுக்காரர் வந்தால், "அம்மா வரட்டும், காத்திருக்கிறோம்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள்.

திருவொற்றியூர் தனி நகராட்சியாக இருந்தபோது இதெல்லாம் இல்லையே?

இருந்தது. திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி, மாதவரம் எல்லாம் 2011-ல் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டு, வார்டுகள் 200 ஆயின. முன்பு சேர்மனை நேரில் பார்த்துச் சண்டை போட முடிந்தது, இன்று ரிப்பன் மாளிகை வரை பஸ் ஏற வேண்டியிருக்கிறது. அந்த நெருக்கத்தை இழந்தது உண்மையான இழப்பு. ஆனால் சின்ன ஊரில் கான்ட்ராக்டரும் சேர்மனும் மச்சானாக இருந்தால் ஒப்பந்தப் புள்ளியை (டெண்டரை) ஏன், எப்படி என்று கேட்க ஆளே இருக்காது என்பதையும் மறக்க வேண்டாம். 1998-ம் ஆண்டின் ஒப்பந்தப் புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் அதற்காகத்தான் வந்தது.

வீரமாக வேலை செய்தவருக்குச் சிறப்புப் பதவி உயர்வு கொடுப்பதும் சலுகைதானே?

யோசிக்க வேண்டிய கேள்வி. 2004 அக்டோபரில் வீரப்பன் கொல்லப்பட்ட பிறகு அதிரடிப்படையினருக்கு ஒரு படி பதவி உயர்வு, பணம், வீட்டு மனை என்று அறிவித்தார்கள். காட்டில் உயிரைப் பணயம் வைத்தவர்களுக்குப் பரிசு தரக் கூடாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் பதவி உயர்வைப் பரிசாகக் கொடுத்தால், அதே பேட்ச்சில் ஸ்டேஷனில் ராத்திரி பகலாக நின்றவர் ஒரு படி கீழே போகிறார். அவர் செய்த தவறு என்ன? பரிசைப் பணமாக, பதக்கமாக, நிலமாகக் கொடுங்கள், சீனியாரிட்டியைத் தொடாதீர்கள் என்பது என் கருத்து.

தேர்தல் சமயத்தில் மட்டும் ஏன் கூட்டமாக மாற்றுகிறார்கள்?

சொந்த மாவட்டத்தில் இருப்பவர்களையும், கடந்த 4 ஆண்டில் 3 ஆண்டு ஒரே மாவட்டத்தில் இருந்தவர்களையும் தேர்தலுக்கு முன் மாற்றச் சொல்வது தேர்தல் ஆணையத்தின் வழக்கம். ஆர்.கே. நகர்க்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 2017 இடைத்தேர்தலில் சென்னை போலீஸ் கமிஷனரையே ஆணையம் மாற்றியது. அப்படியும் பணப் பட்டுவாடா நிற்காமல் ஏப்ரலில் தேர்தலே ரத்தாகி, டிசம்பரில்தான் நடந்தது.

நான் பொதுஜனம். ஒரு ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர்கள் அடிக்கடி மாறுவது ஏன் என்று கேட்க முடியுமா?

முடியும், கேளுங்கள். 2005-ம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 6(1) பிரிவு. வெள்ளைத் தாளில் எழுதி 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, வேப்பேரியில் உள்ள கமிஷனர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். கேள்விகளை இப்படி வையுங்கள்:

"கடந்த ஐந்து ஆண்டுகளில் ___ காவல் நிலையத்தில் சட்டம் ஒழுங்குப் பிரிவு ஆய்வாளராக இருந்தவர்கள் ஒவ்வொருவரும் பொறுப்பேற்ற தேதி, விடுவிக்கப்பட்ட தேதி. இரண்டு ஆண்டு முடியும் முன் மாற்றப்பட்டிருந்தால், அதற்குக் கோப்பில் பதிவான காரணம். அந்த மாற்றல் ஆணைகளின் நகல்."

ஒருவர் பெயரைக் குறிப்பிட்டு அவருடைய ரகசியக் குறிப்பு, மெமோ, சொத்து விவரம் என்று கேட்டால், 2012-ல் கிரீஷ் தேஷ்பாண்டே வழக்கில் வந்த தீர்ப்பைக் காட்டித் தனிப்பட்ட தகவல் என்று மறுத்துவிடுவார்கள். ஆகவே பதவியைக் கேளுங்கள், ஆளைக் கேட்காதீர்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கும் பிறகு மாநிலத் தகவல் ஆணையம்.

மாநகராட்சி விவகாரம் என்றால் 1913 என்ற தொலைபேசி எண்ணில் புகார் பதிவு செய்து, புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உள்ளாட்சிப் பிரதிநிதி, ஊழியர் முறைகேடுகளை விசாரிக்க 2014-ம் ஆண்டுச் சட்டத்தின்படி முறைமன்ற நடுவம் இருக்கிறது. பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

என் பையன் கான்ஸ்டபிள் தேர்வு எழுதுகிறான். ஒருத்தர் பணம் கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள் அம்மா. எழுத்துத் தேர்வு, உடல் தகுதி, ஓட்டம், கயிறு ஏறுதல், சான்றிதழ் சரிபார்ப்பு என்று பல கட்டம் தாண்டி, மதிப்பெண் கூட்டித்தான் பட்டியல் வருகிறது. அந்த ஆள் செய்வது சுலபமான கணக்கு: பத்துப் பேரிடம் வாங்குவார், தானாகத் தேர்வாகிற இரண்டு பேரிடம் "நான்தான் முடிச்சேன்" என்பார், மீதிப் பேரை இழுத்தடிப்பார்.

2018-ல் திருத்திய ஊழல் தடுப்புச் சட்டப்படி லஞ்சம் கொடுப்பவருக்கும் 7 ஆண்டு வரை சிறை உண்டு. கட்டாயப்படுத்தி வாங்கியிருந்தால், கொடுத்த 7 நாளுக்குள் புகார் செய்தவருக்கு மட்டுமே விலக்கு. அவர் வாட்ஸ்ஆப்பில் அனுப்பியதை அழிக்காமல் வைத்துக்கொண்டு லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போங்கள். நகையை அடகு வைக்க நினைத்த பணத்தில் பையனுக்குக் காலையில் இரண்டு முட்டையும் ஓடுவதற்கு ஒரு நல்ல ஷூவும் வாங்கிக் கொடுங்கள்.